பிரியத்துக்கு விலை உண்டா?



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, கோவில் வேப்பமரத்தடியில் ஒரு தாயாரும் அவருடைய இரண்டு குமாரர்களும் எனக்காகக் காத்திருந்தார்கள். "சாமி, எங்கள் வீட்டு வழக்கை நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும்" என்றார் அந்த அம்மாள். என்ன வழக்கு என்று விசாரித்தேன். நிலமல்ல, நகையல்ல, ஒரு பழைய கார். பெயர் சொல்லாமல் இதை எழுத அவர்கள் எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இதில் நம் எல்லோருக்கும் ஒரு பாடம் இருப்பதால் எழுதுகிறேன்.

அந்த வீட்டுத் தகப்பனார் மெக்கானிக்காக இருந்து மரித்தவர். காயலான் கடைக்குப் போகவிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்றை அவர் வாங்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் நிறுத்தி, ஓய்ந்த நேரமெல்லாம் அதோடு மல்லுக்கட்டினார். வேலை முடியுமுன் அவருடைய காலம் முடிந்துவிட்டது. இப்போது இரண்டு பேர் அதை விலைக்குக் கேட்கிறார்கள். ஒருவர் மூன்று லட்சம் தருவார். ஆனால் ஓட்டமாட்டார், உறைபோட்டு மூடிவைத்து, விலை ஏறும்போது விற்றுவிடுவார். மற்றவர் இரண்டரை லட்சம்தான் தருவார். ஆனால் தம் கையாலேயே பழுது பார்த்து, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுவார். மூத்தவனுக்குப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கழுத்தை நெரிக்கிறது. மூன்று லட்சத்துக்கே விற்கவேண்டும் என்கிறான். இளையவன், "விற்கவே கூடாது, வட்டிக்கு வாங்கியாவது அப்பா தொடங்கியதை நான் முடிப்பேன்" என்கிறான். தாயாருக்கு மாதாமாதம் மருந்துச் செலவு இருக்கிறது. அவர் எந்தப் பக்கமும் பேசாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

நான் அவசரப்பட்டுவிட்டேன். "இரும்புதானே அம்மா, அதிக விலைக்குக் கேட்பவருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லி முடித்தேன். இளையவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றிரவு அந்த வார்த்தை எனக்கே உறுத்திற்று. என் தகப்பனாரின் கைக்கடிகாரம் ஒன்று என் மேஜையில் கிடக்கிறது. அது ஓடி எத்தனையோ வருடமாயிற்று. அதை எறிந்துவிடச் சொன்னவர்களுக்கு நான் ஒருநாளும் செவிகொடுத்ததில்லை. எனக்கு ஒரு நியாயம், அந்தப் பையனுக்கு ஒரு நியாயமா? மறுநாள் காரைப் பார்க்கப் போனேன்.

இளையவன் முன்பக்கத்து மூடியைத் தூக்கிக் காண்பித்தான். ஹெரால்டு காரில் பானெட்டோடு இரு பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்து முன்னால் சாயும். எஞ்சின் முழுவதும் கைக்கு எட்டும்படி வெளியே நிற்கும். அடியில் தனிச் சேஸிஸ். அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டிய உடல். ஒரு பகுதி துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். ஏழை மெக்கானிக்கின் கைக்கு இணங்கிய வண்டி அது. இத்தாலிய நாட்டு மிக்கெலோத்தி என்பவர் உருவம் வரைந்தார். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1961 முதல் நம்முடைய சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் அதைச் செய்தார்கள். அந்தக் கம்பெனியில் கார் செய்வது 1988-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆகவே இன்று ஒரு ரப்பர் பீடிங் வேண்டுமானாலும் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளைச் சல்லடைபோட்டுத் தேடவேண்டும். கிடைக்காத இரும்புப் பாகங்களை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளவேண்டும்.

"இது குடும்பத்துக் கார்தானே, ஸ்போர்ட்ஸ் காரா?" என்று கேட்டேன். பையனுக்கு முகம் மலர்ந்தது. இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டது என்றான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகள் சீறிப் பாய்ந்ததைத் தன் அப்பா கதை கதையாகச் சொன்னதையும் நினைவுகூர்ந்தான். எல்லாவற்றையும் ஒரு ஞானோபதேசப் பாடம்போல ஒப்புவித்தான்!

இப்போது கேள்விக்கு வருவோம். ஒரு பொருளை நேசிப்பதற்கும் அதன் விலையை எண்ணுவதற்கும் என்ன உறவு?

விலை என்பது எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று பாருங்கள். ஃபெராரி 250 ஜிடிஓ என்ற பந்தயக் கார் 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்டது. புதிதாக விற்றபோது ஏறக்குறைய 18,000 டாலர். பந்தயத்துக்குப் பழசானபின் அதிலும் குறைந்த விலைக்குக் கைமாறியவை உண்டு. 2018-இல் அவற்றில் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. காரின் இரும்பு கூடவில்லை, வேகம் கூடவில்லை. மனிதருடைய ஆசை மட்டுமே கூடிற்று. அவ்வளவு விலை கொடுத்த பிறகு, மழையில் எடுக்கவும் பயம், வெயிலில் நிறுத்தவும் பயம். ஓடுவதற்கென்று பிறந்த கார் ஓடாமல் நிற்பதற்கே பெருந்தொகை பெறுகிறது.

கிறிஸ்துநாதர் பிறப்பதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னே வாழ்ந்த அரிஸ்டாட்டில் இதைக் கண்டிருந்தார். ஒரு செருப்புக்கு இரண்டு உபயோகம் உண்டு: ஒன்று காலில் போட்டு நடப்பது, மற்றது வேறொரு பொருளுக்கு மாற்றிக்கொள்வது. இரண்டும் செருப்பின் உபயோகமே. ஆனால் முதலாவதுதான் செருப்புக்கே உரியது என்று அவர் விளக்கினார். காருக்கும் அப்படியே. விற்பது பாவமல்ல. ஆனால் செருப்பை நடப்பதற்காகவே செய்தார்கள் என்பது மறந்துபோய், எல்லாப் பொருளையும் கைமாற்றும் சரக்காகவே பார்க்கப் பழகிய கண், நாளடைவில் மனிதரையும் அப்படியே பார்க்கும். பெண் பார்க்கப் போகும் வீட்டில் சவரனை எண்ணுகிறவர்களை நாம் அறியோமா?

"இருந்தாலும் சாமி, பழைய காரில் சந்தோஷப்படுவது வீண் ஆடம்பரம் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ், விளையாட்டும் களிப்பும் ஆத்துமத்துக்கு இளைப்பாற்றி என்று போதித்து, அர்ச். அருளப்பரைப் பற்றிய ஒரு பழங்கதையைச் சொல்லுகிறார். அருளப்பர் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறலடைந்தார்கள். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அருளப்பர் அம்பு எய்யச் சொன்னார். மறுபடியும் மறுபடியும் எய்யச் சொன்னார். "இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருப்பாயா?" என்று வினவியபோது, வில் ஒடிந்துபோகும் என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்று அவர் உணர்த்தினார். வாரம் முழுவதும் பிறர் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்த அந்த மெக்கானிக்குக்கு, கூலி வாங்காமல் செய்த அந்த ஒரு வேலைதான் இளைப்பாற்றி. அதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன்.

நம்முடைய செஞ்சி மண்ணுக்கும் இது புதிதல்ல. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது இளம் வயதில் மாண்டான் தேசிங்குராஜன். அவனிடம் எவ்வளவு பொன் இருந்தது என்று யாரும் பாடவில்லை. அவன் குதிரையை நேசித்ததைத்தான் நாட்டுப்புறத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாடினார்கள்.

ஆனால், பிரியமானவர்களே, இத்தோடு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். பணம் குருடாவது போலவே பிரியமும் குருடாகும். தாய்க்கு மருந்து வாங்காமல் காருக்குக் கார்புரேட்டர் வாங்குகிறவன் காரை நேசிக்கிறானா, தன்னையே நேசிக்கிறானா? வட்டிக்கு வாங்கியாவது முடிப்பேன் என்ற இளையவனின் சொல்லில் பாசமும் இருந்தது, ஆபத்தும் இருந்தது. வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது, அப்பாவின் நினைவு இனிக்காது; கசக்கும்.

சுவிசேஷத்தில் இரண்டு இடங்களை நினைத்துப் பாருங்கள். பெத்தானியாவில் மரியாள் விலையேறப்பெற்ற பரிமளத் தைலத்தைச் சேசுநாதருடைய பாதங்களில் ஊற்றினாள். முந்நூறு வெள்ளிக்காசு பெறுமே, விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் கணக்குப் போட்டான். ஒரு வெள்ளிக்காசு ஒருநாள் கூலி. ஏறக்குறைய ஒரு வருடக் கூலி ஒரு நொடியில் கொட்டிப்போயிற்று. ஆயினும் ஆண்டவர் அவளைக் கண்டிக்கவில்லை. இன்னோரிடத்தில், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை அவர் கடுமையாகக் கண்டித்தார். காணிக்கை யாருக்கு? சர்வேசுரனுக்கே! ஆயினும் கண்டித்தார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? மரியாள் ஊற்றியது அவளுடைய தைலம். கொர்பான்காரர்கள் கொடுத்ததோ பெற்றோருடைய பங்கு. ஆகவே, எனக்கு விளங்கிய ஒழுங்கு இதுதான்: பிரியத்துக்காக ஒருவன் தன் பங்கை எவ்வளவும் இழக்கலாம், பிறன் பங்கில் ஒரு காசும் இழக்க அவனுக்கு உரிமையில்லை.

பணத்தைப் பழிக்கவும் வேண்டாம். பணமில்லாமல் எந்தப் பழைய காரும் எழுந்து ஓடியதில்லை. வேலைக்காரனாக இருக்கும்வரை பணம் நல்லது. கோயம்புத்தூரில் வசதியுள்ள குடும்பத்தில் பிறந்த கரிவரதன், தாம் பந்தயம் ஓட்டியதோடு நிற்கவில்லை. மாருதி எஞ்சினை வைத்து, குறைந்த செலவில் ஓட்டக்கூடிய ஃபார்முலா மாருதிப் பந்தயக் கார்களை உருவாக்கினார். தகுதியிருந்தும் பணமில்லாத இளைஞருக்கு அதனால் வழி திறந்தது. 1995-இல் அவர் விமான விபத்தில் மாண்டார். ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். பிரியம் கட்டளையிட்டது, பணம் கீழ்ப்படிந்தது. ஜெர்மனியிலும் மெர்ஸிடஸ் கம்பெனியார், 1955-இல் இரண்டு மட்டுமே செய்த ஒரு காரில் ஒன்றை 2022-இல் 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விற்று, அந்தப் பணத்தை மாணவர் உதவி நிதிக்கென்று ஒதுக்கினார்கள். நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்! விற்பதிலும் நன்மை உண்டு என்பதற்கு இது சாட்சி.

இவ்வளவையும் யோசித்து, அந்த மூவரையும் மறுபடி வரவழைத்தேன். முதலில் என் அவசர வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இந்தக் கார் யாருடையது என்று கேட்டேன். 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் மரித்த கிறிஸ்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு. மற்ற இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக, இந்த வீட்டில் மூவருக்கும் சரிபங்கு. "தம்பி, மூன்றில் ஒரு பங்குதான் உன் பிரியத்துக்குச் சொந்தம். மற்ற இரண்டு பங்கையும் நீ செலவழிக்கலாமா?" என்றேன்.

அவன் வெகுநேரம் பேசவில்லை. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, ஐம்பது வருடம் கடந்த காரைப் பழங்கால வாகனமாகப் பதிவுசெய்ய 20,000 ரூபாய் கட்டணம். பதிந்தபின் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாமே தவிர, தினசரிப் போக்குவரத்துக்கு ஆகாது. இதையெல்லாம் என்னைவிட அவனே நன்றாக அறிந்திருந்தான். டிங்கரிங், பெயிண்டிங் செலவும் அவனுக்குத் தெரியும். கடைசியில் அவன் சொன்னான்: "ஓட்டுகிறவருக்கே கொடுத்துவிடலாம் சாமி. அம்மாவுக்கு ஒரு லட்சம், அண்ணனுக்கு ஒரு லட்சம். குறைகிற ஐம்பதாயிரம் என் பங்கில் குறையட்டும்."

மூத்தவன் தம்பியை நிமிர்ந்து பார்த்தான். "பாதிக் குறையை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்றான். தம்பி சம்மதிக்கவில்லை. "உன் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டு அண்ணா" என்று மட்டும் சொன்னான். அப்போதுதான் தாயார் வாய் திறந்தார்: "வண்டி ஓடினால் ஒரு தடவை நம் கோவில் வரைக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் உட்கார ஆசைப்பட்ட இடத்தில் நான் உட்கார்ந்து பார்க்கிறேன்." வாங்குகிறவர் அதற்கு இசைந்திருக்கிறார்.

பங்கு மக்களே, நம்மில் யாருக்கும் ஃபெராரி இல்லை. ஆனால் உழவு ஓய்ந்த கிழமாடு ஒன்று, பாட்டனார் வைத்த புளியமரம் ஒன்று, தாயார் காதில் கிடந்த தோடு ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. ஒருநாள் நம் சந்தைக்கு அதைக் கொண்டுபோகலாமா என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழும். அப்போது, "இது என்ன விலை போகும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இது எதற்காக இருக்கிறது? நான் இழப்பது என் பங்கா, அடுத்தவர் பங்கா?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வீட்டாரே உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டால், வழக்கு வேப்பமரத்தடி வரைக்கும் வராது.

உங்கள் பங்குக் குரு