மௌனம் சம்மதமாகுமா?



நமது பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் சில வாரங்களுக்கு முன் ஒரு கேள்வியோடு சாமியார் பங்களாவுக்கு வந்தார். அவருடைய அண்டை வீட்டுப் பெண்மணிக்கு ஆபரேஷன் நடந்திருந்தது. தையல் போட்ட இடத்தில் நீர் கசியவே, டாக்டருக்கு அனுப்புவதற்காகத் தாயார் தமது செல்போனில் அதைப் படம் எடுத்தார். “வேறு யாருக்கும் காட்டிவிடாதீர்கள், அக்கா” என்று அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டார். தாயாரும் வாக்குக் கொடுத்தார். மறுநாள் வெளியூரிலிருக்கும் மகன் போனில் அழைத்து, “பக்கத்து வீட்டுச் சித்திக்கு என்னம்மா ஆயிற்று?” என்று கேட்டான்!

புதுப் போன் வாங்கித் தந்தபோது, மகன் தன் கணக்கையே அதில் போட்டுக் கொடுத்திருந்தான். தாயார் எடுத்த படம் தானாகவே அவன் போனிலும் வந்து நின்றது.

“நான் ஒருவருக்கும் காட்டவில்லையே, சாமி. வாக்குத் தவறினேனா, இல்லையா?” இதுவே அவர் கேள்வி. இரு பெண்மணிகளின் அனுமதியுடனே இதை இங்கு எழுதுகிறேன்.

முதலில் நடந்தது இன்னதென்று அறிவோம். இக்காலத்துப் போன்களில் ‘பேக்கப்’ என்றொரு ஏற்பாடு உண்டு. நாம் எடுக்கும் ஒவ்வொரு படத்தையும், வைஃபை கிடைத்தவுடன், நம்மைக் கேளாமலே ஒரு பிரதி எடுத்துக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு அது அனுப்பிவிடும். அந்த இடத்துக்கு ‘கிளவுட்’, அதாவது மேகம் என்று பெயர். உண்மையில் அது ஆகாயத்தில் இல்லை. எங்கோ பூமியில் கட்டிய பெரிய கட்டடங்களில் இருக்கிறது. படம் எடுத்த நேரமும், பல சமயம் எடுத்த இடமுங்கூடப் படத்தோடு சேர்ந்தே போகின்றன.

இந்த ஏற்பாடு தீயதென்று நான் சொல்லவில்லை. போன் தண்ணீரில் விழுந்து கெட்ட பிறகும், இறந்துபோன தகப்பனாரின் கடைசிப் படத்தை இதனால் திரும்பப் பெற்ற குடும்பங்கள் உண்டு. நன்மையான கருவிதான். ஆனால் நாம் தூங்கும்போதும் வேலை செய்யும் கருவிக்குப் பொறுப்பாளி யார்?

13-ம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்வினாஸ் இதற்கு உதவும் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். ஒருவன் ஏதோ நினைவில் தாடியைத் தடவுகிறான், காலை அசைக்கிறான். அவை அவனிடத்தில் நிகழும் செயல்களேயொழிய, மனிதன் என்ற முறையில் அவன் செய்தவை அல்ல. அறிந்து, யோசித்து, மனம் இசைந்து செய்வதே மனிதனுக்குரிய செயல். இதன்படி பார்த்தால், ஒன்றும் அறியாதிருந்த தாயார் வாக்குத் தவறவில்லை.

ஆனால் அதே ஆசிரியர் வேறொன்றும் சொல்கிறார். அறிய வேண்டியதை, அறியக்கூடியவன் அசட்டையால் அறியாமல் விட்டால், அந்த அறியாமையே குற்றமாகும். ஆகவே இரண்டாம் முறையும் தாயார் “எனக்குத் தெரியாது” என்று சொல்ல முடியாது. மகனின் பொறுப்போ இன்னும் பெரிது. அவன் அறிந்தவன், சொல்லாமல் விட்டவன். நம்மிற் பலர் போன் வாங்கிய அன்று, திரையில் வந்த கேள்வியைப் படியாமலே ‘சரி’ என்று தொட்டுவிட்டோம். அன்றைய மௌனம் அறியாமை. அறிந்த பின்னும் மௌனமாயிருந்தால் அது சம்மதமே.

“ஒரு படம் போனால் என்ன கேடு?” என்று சிலர் கேட்கலாம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தகப்பனுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். நோயுற்ற சிறு மகனின் அந்தரங்க இடத்து வீக்கத்தை டாக்டருக்குக் காட்டும்படி, நர்ஸ் சொன்னதன் பேரில் படம் எடுத்தார்கள். படம் தானாகவே கூகுள் கம்பெனிக்குப் போயிற்று. அங்குள்ள இயந்திரம் அதைக் குற்றப் படமெனக் குறித்தது. அவர் கணக்கு முடக்கப்பட்டது. போலீசார் விசாரித்துக் குற்றமில்லை என்று கண்டார்கள். கணக்கோ திரும்பக் கிடைக்கவில்லை. அதிலிருந்த கடிதங்களும், மகனின் மழலைக்காலப் படங்களும் போயின. 2022-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை இதை வெளியிட்டது.

நாம் செய்யக்கூடியவை எளியவை. உங்கள் போனில் யாருடைய கணக்கு இருக்கிறதென்று பாருங்கள். பிறருடைய நோய், கடன், குடும்ப விவகாரம் பற்றிய எதையும் படம் எடுக்குமுன் பேக்கப்பை நிறுத்துங்கள். காரியம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். போனின் கேலரியில் மட்டும் அழித்தால், மேலே சென்ற பிரதி அப்படியே இருக்கக்கூடும். ‘கூகுள் போட்டோஸில்’ அழித்தாலும், அது 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதையும் காலி செய்யவேண்டும்.

அந்தத் தாயார் அன்று மாலையே அண்டை வீட்டுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்தப் பெண்மணி கோபிக்கவில்லை. “அவனும் என் பிள்ளை மாதிரிதான், அக்கா. ஆனால் முன்பே தெரிந்திருந்தால், படம் எடுக்க விட்டிருக்க மாட்டேன்” என்றார்.

இந்தச் சொல்லைச் சற்று யோசியுங்கள். அவர் டாக்டருக்காக மட்டுமே சம்மதித்தார். அந்தச் சம்மதத்தை வேறொன்றுக்கும் நீட்ட நமக்கு உரிமையில்லை. இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்ததும், பிள்ளைகளைப் பக்கத்தில் அழைத்து, வீட்டிலுள்ள போன்களை ஒருமுறை திறந்து பாருங்கள். அவர்களுக்குத் தெரியும், நீங்கள் கேட்டால் சொல்லித் தருவார்கள்.