சுரண்டுவதற்கு முன்

புது ஸ்டிக்கரில் நம் கண்ணுக்குப் படுவது படம்தான். முப்பது வருஷம் கழித்துப் பார்த்தால் படம் போயிருக்கும், பசை மட்டும் இருக்கும். பழைய கிரிக்கெட் மட்டைகளைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரப்பரும் பிசினும் கலந்த அந்தப் பசை காற்றுப் பட்டுப் பட்டு முதலில் இளகும், வருகிற தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் புண்ணின் பொருக்கு மாதிரி இறுகிவிடும்.

இதை எப்படி எடுப்பது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எடுக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஆனால் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. சிக்கலே செய்முறைக்குள்தான் இருக்கிறது.

ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் பசையை இளக்கி, பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் மெல்லத் தள்ளலாம். காய்ந்துபோன பசையை பென்சில் அழிக்கும் ரப்பரால் உருட்டி எடுக்கலாம். இதெல்லாம் சாதுவான வழிகள், பாதிதான் வரும். நீலகிரித் தைலம் மீதியைக் கரைத்துவிடும். ஆனால் மட்டை செய்வது வில்லோ மரத்தில். எடை குறைந்த, ஈரத்தை இழுக்கிற மரம். கரைந்த பசையில் ஒரு பங்கு துணிக்கு வரும், இன்னொரு பங்கு தைலத்தோடு சேர்ந்து மரத்துக்குள் இறங்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் இன்னும் வேகம். பசையைக் கரைக்கிற கையோடு மேல்பூச்சையும், பட்டறைக்காரரின் முத்திரை மையையும், யாராவது பேனாவால் போட்ட கையெழுத்தையும் கொண்டுபோய்விடும். எது அழுக்கு, எது கையெழுத்து என்று அதற்குத் தெரியாது. உப்புத்தாளுக்கோ எந்தச் சந்தேகமும் கிடையாது. மரத்தின் மேல்தோலோடு சேர்த்து எல்லாவற்றையும் முடித்துவிடும்.

ஆக, பசையை முழுசாக எடுக்கிற எந்த வழியும் பசையோடு நிற்பதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. வெளிச்சம் பட்டும் எண்ணெய் ஊறியும் மரம் வருஷக்கணக்கில் நிறம் ஏறுகிறது. ஸ்டிக்கர் மூடியிருந்த இடம் மட்டும் வெளிறியே இருக்கும். கஷ்டப்பட்டுப் பசையை எடுத்தபின் பார்த்தால், ஸ்டிக்கரின் உருவம் அங்கேயே நிற்கும், மரத்தின் நிறமாக. இந்தக் கட்டத்தில்தான் பலருடைய கை உப்புத்தாளுக்குப் போகிறது. "ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவர்றேன்" என்பார்கள்.

எந்த ஒரிஜினல்? கடையில் தொங்கியபோது இருந்த நிலையா? அதில் ஒருவரும் ஆடவில்லை. மைதானத்தில் இருந்த நிலையா? அப்போது பந்துத் தடமும், டேப்பும், கைவியர்வையும் இருந்தன. பட்டறையிலிருந்து வந்தபோதா? கிரிக்கெட்டில் ஒரு பழக்கம் உண்டு: மரத்தைச் செதுக்குவது ஒரு பட்டறை, ஸ்டிக்கர் வேறொரு கம்பெனியுடையது. 1996 உலகக் கோப்பையில் டெண்டுல்கர் ஸ்டிக்கரே இல்லாத மட்டையோடு ஆடினார். 523 ரன், அந்தத் தொடரிலேயே அதிகம். அதன்பிறகு அவர் மட்டையில் வந்த எம்ஆர்எஃப் என்ற மூன்றெழுத்து, 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி டயருக்குப் போன கம்பெனியின் பெயர். எங்கள் தலைமுறைப் பையன்கள் அந்த மூன்றெழுத்தை ஸ்கெட்ச் பேனாவால் தங்கள் மட்டையில் எழுதிக்கொண்டார்கள். செதுக்கியவர் பெயர் தெரியவில்லை என்பதால் ஸ்டிக்கரைப் பொய் என்று உரித்துவிடலாமா? அந்தப் பையன்களுக்கு அந்தப் பொய்தானே மட்டை!

இந்தச் சண்டை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சுவர்ப்பூச்சைச் சுரண்டினார்கள், பிற்காலத்தில் சேர்ந்தவற்றை இடித்தார்கள். 'ஆதி வடிவம்' வேண்டும் என்றார்கள். இதை எதிர்த்து 1877இல் வில்லியம் மோரிஸும் நண்பர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு வந்த செல்லப்பெயர் 'ஆன்டி ஸ்க்ரேப்'. நம் பாஷையில் சுரண்டாதே சங்கம். அவர்கள் நிலைப்பாடு சுலபமானது: ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக்கொடு. ஆனால் நடுவில் வந்த நூற்றாண்டுகளை நடக்காததுபோல் ஆக்காதே.

கட்டடத்துக்குச் சரி, விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு யோசனை தேவையா? அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் மட்டை இருக்கிறது. பிடி வழுக்காமல் இருக்க அங்கே பைன் மரத்துத் தாரைத் தடவுவார்கள். கறுப்பான, ஒட்டுகிற பிசின். கைப்பிடி முனையிலிருந்து 18 அங்குலம்வரைதான் தடவலாம் என்பது விதி. 1983 ஜூலை 24 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில், கான்சாஸ் சிட்டி அணியின் ஜார்ஜ் பிரெட் கடைசி இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து அணியை 5–4 என முன்னிலைக்குக் கொண்டுவந்தார். எதிரணி மேனேஜர் தாரைச் சுட்டிக்காட்டினார், நடுவர்கள் அளந்தார்கள், பிரெட் அவுட். அவர் கொலைவெறியோடு பாய்ந்து வந்த காட்சி இன்றும் சுற்றுகிறது. பிறகு லீக் தலைவர் அந்த முடிவைத் திருப்பினார். ஆகஸ்ட் 18 அன்று ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, அதே 5–4இல் முடிந்தது. அந்த மட்டை இப்போது கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாராவது நல்ல மனசோடு அந்தத் தாரைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கட்டை. அங்கே பிசினேதான் கதை.

இப்படிச் சொன்னதும் எதிர்ப்பக்கம் சாய்வது எளிது: எதையும் தொடாதே, கறை எல்லாமே புனிதம். இதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் பிளாஸ்டிக் டேப் மரத்தைக் கெடுக்கும். அதை விட்டுவைப்பது சோம்பேறித்தனம். தவிர, கறைக்குச் சந்தையில் விலை வந்துவிட்டால் கறையையே தயாரிக்க ஆள் வருவார்கள். புது மட்டையில் தார் தடவுவது அப்படியொன்றும் கஷ்டமான வேலை இல்லை. பழைய பசைக்கு அது பழையது என்பதால் மதிப்பு வருவதில்லை. அது ஒன்றுக்குச் சாட்சி சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

யாருக்கான சாட்சி என்பதில்தான் விஷயம் சிக்கலாகிறது. என் நண்பன் ஒருவனிடம் அவன் பெரியப்பாவின் மட்டை இருக்கிறது. அவர் எண்பதுகளில் சென்னையில் கீழ் டிவிஷன் லீக்கில், மேட்டிங் விக்கெட்டில் ஆடியவர். மட்டையின் அடிப்பக்கத்தில் ஆஸ்பத்திரி பிளாஸ்டர் மூன்று சுற்று. துணி நைந்துபோய்ப் பசை மட்டும் வளையமாக நிற்கிறது. நண்பன் அதைப் புது வீட்டு ஹாலில் மாட்ட நினைத்தான்.

"பழசா தெரியணும்டா, ஆனா அசிங்கமா தெரியக் கூடாது" என்றான்.

"அது அசிங்கம் இல்லடா. இன்னொரு பேட் வாங்கக் காசில்லாம ஒட்டி ஒட்டி ஆடியிருக்காரு."

"அதத்தான் சொல்றேன். அவர் கஷ்டத்த எதுக்கு ஹால்ல மாட்டணும்? மேட்ச் அன்னிக்கு வெள்ளை பேன்ட்ட மடிப்புக் கலையாம அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டுப் போன மனுஷன். இருந்திருந்தா அவரே சுரண்டியிருப்பாரு."

என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. பிளாஸ்டர் சொல்வது உண்மை, அயர்ன் செய்த பேன்ட்டும் உண்மை. ஒருவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதும் அவருடைய வரலாறுதான். வறுமையின் தடயத்தை நாம் போற்றுவதில், அதை அனுபவிக்காதவனின் சொகுசு கொஞ்சம் கலந்திருக்கிறது. ஆனால் அவருடைய கூச்சத்தை அவர் சார்பில் தீர்த்துவைக்கிறேன் என்று நாம் சுரண்டும்போது, சுத்தமாவது அவருடைய கூச்சமா, நம்முடையதா?

கடைசியில் நண்பன் கைப்பிடியில் பிசுபிசுத்த டேப்பை மட்டும் எடுத்தான். முகப்பில் தூசி பிடித்திருந்த பசையை வெந்நீர் சூட்டில் பிழிந்த துணியால் இளக்கினான். அடிவளையத்தைத் தொடவில்லை. எதை எடுத்தோம், எதால் எடுத்தோம், என்றைக்கு என்று ஒரு சீட்டில் எழுதி, மட்டையில் நூலால் கட்டினான். ஒட்டவில்லை!

அந்தச் சீட்டு எனக்குப் பிடித்திருந்தது. என் தொழிலில் ஒரு வரி கோடை நீக்கினால் யார், எப்போது, ஏன் நீக்கினார் என்பது பதிவாகும், தப்பென்றால் திரும்பப் போகலாம். மரத்தில் திரும்பப் போக வழியில்லை. அதனால்தான் நிரூபிக்கும் பொறுப்பு எடுப்பவன்மேல் விழுகிறது என்று நினைக்கிறேன். விட்டுவைத்த பசையை நாளைக்கும் எடுக்கலாம். எடுத்த பசையை எந்த நாளும் திரும்ப வைக்க முடியாது. இரண்டு தவறுகளும் சம எடை கொண்டவை இல்லை. மரத்தைக் கெடுப்பதை எடு, எடுத்ததை எழுதி வை, மீதியில் சந்தேகம் இருந்தால் கையை மடக்கிக்கொள்.

இன்னும் முப்பது வருஷத்தில் அந்த மட்டை யார் கைக்குப் போகும் என்று தெரியாது. அவரிடம் நம்மைவிட நல்ல கருவிகள் இருக்கலாம், நமக்குத் தோன்றாத கேள்விகள் இருக்கலாம். அவர் கேட்கப்போகும் கேள்விக்கான பதிலை, நம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சுத்தத்துக்காகத் துடைத்துவிட நமக்கு உரிமை இருக்கிறதா?