‘ஏன்’ என்று கேட்பவரிடம்

நோயாளியைப் பார்க்கப் போகிற நம் சபையார் இரண்டு வாக்கியங்களைக் கையோடு கொண்டுபோவார்கள். ‘எல்லாம் கர்த்தருடைய சித்தம்’ என்பது ஒன்று. ‘தாங்க முடியாத பாரத்தை அவர் தரமாட்டார்’ என்பது இன்னொன்று. என் தங்கை புற்றுநோயோடு கிடந்த நாட்களில் இரண்டையும் நிறையக் கேட்டோம். சொன்னவர்கள் அன்பானவர்கள்தான். ஆனாலும் அவர்கள் படியிறங்கியதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். வந்து, ஒன்றும் பேசாமல் பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் போகும் எதிர்வீட்டு அக்காவைக் கண்டால்தான் முகம் தெளியும்.

யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்தார்கள், கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று ஆளுக்கொரு விளக்கம். முடிவில் கடவுளின் கோபம் மூண்டது அந்த விளக்கக்காரர்கள் மேல்தான். யோபு கேட்ட ‘ஏன்’ என்பதற்கோ 42 அதிகாரங்களிலும் நேரான பதில் கிடையாது. சிலுவையில் தொங்கிய இயேசுவும் அதே ‘ஏன்’ என்ற கேள்வியைத்தான் கேட்டார். அப்போதும் வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் மேரி வர்கீஸ் ஞாபகம் வரும். கொச்சியில் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954-இல், ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனது. அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தவர் பால் பிராண்ட், நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம், நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று அவர் கேட்டார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி கத்தியைப் பிடித்தார்.

தொழுநோயாளியின் கைக்கு வலி தெரியாது. கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது. பெரும்பாலான சேதம் அப்படி வருவதுதான். மேரியின் கால்களுக்கும் தெரியாது. அந்த நோயாளிகள் தங்கள் மருத்துவரை எப்படிப் பார்த்திருப்பார்கள்! பிறகு அவர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில், முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கும் மறுவாழ்வு தரும் மையம் அவர் தலைமையில் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ.

இதற்காகத்தான் கடவுள் அந்த விபத்தை அனுப்பினார் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு பெண்ணின் முதுகை முறித்துத்தான் ஒரு மருத்துவமனையைக் கட்ட வேண்டும் என்கிற கடவுளிடம் நான் ஜெபிக்க மாட்டேன். முறிந்த பிறகு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், கையில் ஒரு வேலையைக் கொடுத்தார் என்பதை நம்புகிறேன். தேவன் நமக்குத் தரும் ஆறுதல் துன்பப்படும் மற்றவர்களிடம் போய்ச் சேரவே என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலும், தன் உடலில் தைத்த முள் நீங்க மூன்று முறை மன்றாடியவர்தான். முள் நீங்கவில்லை.

எழுந்திருக்கவே முடியாதவர்களும் உண்டு. அவர்களிடம் எதையும் எதிர்பார்ப்பது கொடுமை. ஆனால் என் தங்கை கடைசி மாதங்களில் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த ஒரு மணி நேரம் அவள் நோயாளியாக இல்லை. அதனால் சபையாருக்கு என் விண்ணப்பம்: அடுத்த முறை அந்த இரண்டு வாக்கியங்களையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முதலில் பாத்திரம் கழுவுங்கள். முடிந்தால், அவரால் ஆகக்கூடிய ஓர் உதவியை அவரிடமே கேளுங்கள்.