காவல்நாய்க்குக் காவல் யார்?



வீட்டுப் படலையில் "நாய் கவனம்" என்று எழுதித் தொங்கவிடுவது நம் ஊர்களில் இன்று சாதாரணம். ஆரையம்பதியிலும் அதைச் சூழ்ந்த எழுவான்கரைக் கிராமங்களிலும், குடும்பத் தலைவன் மத்திய கிழக்கில் உழைக்க, மனைவியும் பிள்ளைகளும் வயது சென்ற தாயும் மட்டும் தங்கியிருக்கும் வீடுகள் பல உண்டு. இரவில் வேலி சலசலத்தால் நெஞ்சு படபடக்கும். "நல்ல பெரிய நாயொன்று நின்றால் நிம்மதி" என்று அவர்கள் நினைப்பதில் பிழையில்லை. அதே வேளையில், கைவிடப்பட்ட அல்சேஷன், ரொட்வைலர் போன்ற பெருஞ்சாதி நாய்களைப் பராமரிக்கும் காப்பகங்கள், பொறுப்பேற்க யாராவது வரமாட்டார்களா என்று காத்திருக்கின்றன. விலை கொடுக்க வேண்டியதில்லை. ஓர் உயிருக்கு இரங்கிய புண்ணியமும் கிடைக்கும். வீட்டுக்குக் காவலும் ஆயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. இரக்கத்தையும் தேவையையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு ஒரு வேலையைத் தொடங்கும்போது, நாளடைவில் தேவை வென்று இரக்கம் தோற்றுப்போவது மனித இயல்பு. அப்படித் தோற்கும்போது அதன் நட்டத்தைச் சுமப்பது வாய் பேச முடியாத ஓர் உயிர். ஆகவே முதலிலேயே சிந்திப்பது நல்லது.

இந்த நாய்களின் சீற்றம் எங்கிருந்து வந்தது? துருக்கியின் கங்கால் நாயும், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரனீஸ் மலை நாயும், ஓநாயிடமிருந்து ஆட்டு மந்தையைக் காக்க வளர்க்கப்பட்டவை. ஜெர்மனியின் ரொட்வைல் நகரத்தின் பெயரைத் தாங்கிய ரொட்வைலர், மாட்டு மந்தையை ஓட்டவும் இறைச்சிக்காரரின் வண்டியை இழுக்கவும் பயன்பட்டது. நம் தமிழகத்தின் இராஜபாளையம், கோம்பை நாய்களும் காவலுக்கும் வேட்டைக்கும் பெயர் பெற்றவை. பெரிய உடம்பு, அந்நியரைச் சந்தேகிக்கும் மனம், எதிர்த்து நிற்கும் துணிவு ஆகிய குணங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கியவன் மனிதனே. ஆகவே அதன் சீற்றம் அது செய்த பாவமன்று. நாம் அதற்குள் வைத்த குணம். ஒரு குணத்தை ஓர் உயிருக்குள் வளர்த்துவிட்டு, அந்தக் குணத்துக்காகவே அதைத் தெருவில் விடுவது எந்த நியாயம்?

இதே பெரிய உடம்பை மனிதன் வேறு வழியிலும் பயன்படுத்தியிருக்கிறான். சுவிற்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையிலுள்ள பெரிய புனித பெர்னார்து கணவாயில், புனித பெர்னார்து நிறுவிய விடுதியில், அகுஸ்தினார் சபைத் துறவிகள் 17ஆம் நூற்றாண்டு முதல் பெரிய நாய்களை வளர்த்தார்கள். முதலில் அவை விடுதியின் காவலுக்கென்றே வந்தவை. பின்னர் பனியில் புதைந்த வழிப்போக்கர்களை மோப்பம் பிடித்துக் காப்பாற்றும் துணைகளாயின. அவற்றுள் 1800இல் பிறந்த பாரி என்ற நாய் 40க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். அந்நியனைக் கண்டு குரைக்க வளர்க்கப்பட்ட நாய், அந்நியனைத் தேடிச் செல்லும் நாயாயிற்று. அந்த மாற்றத்தைச் செய்தது நாயைச் சேர்ந்திருந்த மனிதரின் மனமும் பயிற்சியும் அல்லவா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். குட்டியாக வாங்கும்போது பஞ்சுப் பொதிபோல் இருக்கும் நாய், ஒன்றரை வயதில் 40, 50 கிலோ நிறையோடு நிற்கும். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்து, இறக்குமதித் தீனும் மருந்தும் எட்டாத விலைக்குப் போனபோது, மனிதரே ஒரு நேர உணவைக் குறைத்த வீடுகளில் பெரிய நாயின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காப்பகத்தில் நிற்கும் பல நாய்களுக்குப் பின்னால் இப்படியான ஒரு வீட்டின் கதை இருக்கலாம். எல்லோரையும் கல்நெஞ்சர் என்று சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் பார்க்காமல் வாங்கியவர்கள் என்று சொல்லலாம்.

இங்கேதான் 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் நமக்கு உதவுகிறது. அது இரு பக்கமும் கூர்மையான வாள். தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரண் என்று அது ஒரு பக்கம் சொல்கிறது. மனிதரின் துயர் துடைக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவிடுவதும் தகாது என்று மறுபக்கம் சொல்கிறது. இந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, "நாய்க்கு என்ன செலவு? மிச்சச் சோறு போதும்" என்று சொல்வோர் உண்டு. அது பிழையான விளக்கம். அயலிலே பட்டினி இருக்கும்போது ஆடம்பரத்துக்கு நாய் வளர்க்காதே என்பதே அதன் கருத்து. வளர்ப்பதென்று ஏற்றுக்கொண்ட பிறகு அதைப் பட்டினி போடுவதற்கு அதில் இடமேயில்லை. கொடுக்க முடியாதவன் ஏற்காதிருப்பது குற்றமன்று. ஏற்றுவிட்டுக் கொடாதிருப்பதே குற்றம்.

அடுத்தது அயலவனுக்குரிய நீதி. முட்டும் வழக்கமுள்ள மாட்டைப் பற்றி விடுதலைப் பயண நூல் சட்டம் சொல்கிறது: அதன் குணம் தெரிந்திருந்தும் கட்டுப்படுத்தாத சொந்தக்காரன் அதன் செயலுக்குப் பொறுப்பாளி. இலங்கையில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டமும், வளர்ப்பு விலங்கு விளைக்கும் காயத்துக்கு உரிமையாளனைப் பொறுப்பாக்கும் வழியைக் கொண்டுள்ளது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவொன்றில் இரண்டு ரொட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். நமது ஆரையம்பதியோ நெருக்கமான ஊர். வளவுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பள்ளிப் பிள்ளைகள் நடந்து போகும் ஒழுங்கைகள். அண்டையில் காத்தான்குடி. நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் கழுவித் தூய்மை செய்வது நம் முஸ்லிம் சகோதரரின் மார்க்க ஒழுங்கு. அதே மார்க்கம் மந்தைக்கும் வயலுக்கும் காவலாக நாய் வைப்பதை அனுமதிக்கிறது. எனவே அவர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது நாயே கூடாது என்பதன்று. வேலி உறுதியாக இருக்கவேண்டும் என்பதே. அது நியாயமான எதிர்பார்ப்பு. நம் வீட்டின் நிம்மதியை அடுத்த வீட்டின் அச்சத்தால் வாங்கக் கூடாது.

நோய்த் தடுப்பையும் மறக்கலாகாது. 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தோர் 377 பேர். தடுப்பூசி பரவியதால் அண்மைய ஆண்டுகளில் அது பெரும்பாலும் 20, 30 என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. 2006 முதல் தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தி, தடுப்பூசியையும் கருத்தடையையும் வழியாகக் கொண்டது. ஆண்டுதோறும் நாய்க்கு ஊசி போடுவது ஓர் அயலன்பு. கடி பட்டால் காயத்தை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

காப்பகத்திலிருந்து எடுப்பதில் உண்மை பேசும் கடமையும் உண்டு. இந்த நாய் முன்பு யாரையாவது கடித்ததா, ஏன் கைவிடப்பட்டது என்பதைக் கொடுப்பவர் மறைக்கக் கூடாது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, பகலில் ஆளில்லை என்பதை எடுப்பவரும் மறைக்கக் கூடாது. நாயைப் பற்றிய பொய் பொய்யில்லை என்று எட்டாம் கட்டளை விலக்கு அளிக்கவில்லை. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு வராமல், பல தடவை போய்ப் பழகுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அது இடத்தையும் மனிதரையும் நம்ப வாரங்கள், மாதங்கள் ஆகும்.

இனிச் சங்கிலி. காவலுக்கென்று கொண்டுவந்த நாயை இரவும் பகலும் கட்டிவைப்பதே நம்மிற் பலருடைய வழக்கம். கட்டிய நாய் அச்சத்தாலும் சலிப்பாலும் வெறி கொள்ளும். அவிழ்ந்த அன்று யாரைக் கடிக்கும் என்று சொல்ல முடியாது. அது காவலாளியன்று, கைதி. அல்சேஷன் போன்ற தடித்த உரோமமுள்ள நாய் கச்சான் காற்று அனலாய் வீசும் நாட்களில் நிழலும் குளிர்ந்த நீருமின்றித் தவிக்கும். தன் வீட்டு மனிதரோடு பழகி, அவர்களைத் தனது மந்தையாக நினைக்கும் நாயே உண்மையான காவல் நாய். தோபித்து நூலில் தோபியாவும் வானதூதரும் புறப்பட்டபோது நாயும் கூடவே நடந்தது என்று வாசிக்கிறோம். அதற்கு அங்கே வேலை எதுவும் கொடுக்கப்படவில்லை. கூட நடந்தது, அவ்வளவே.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி நம் கரையை வாரிக்கொண்டு போனபோதும், யுத்தத்தில் வீடுகளை விட்டு ஓடியபோதும், நம் மக்கள் நாய்களை விட்டுச் செல்ல நேர்ந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அமைதியான நாளில், வசதிக்காகக் கைவிடுவது வேறு. அந்த இரண்டையும் நாம் ஒன்றாக்கக் கூடாது.

ஆகவே, வாசகரே, காப்பகத்துக்குப் புறப்படுமுன் குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். எட்டு, பத்து ஆண்டுகள் இதற்குச் சோறு போட வருமானம் உண்டா? உயர்ந்த மதிலோ உறுதியான வேலியோ உண்டா? அதை அடக்கி நடத்தும் பலமுள்ள ஒருவர் எப்போதும் வீட்டில் உண்டா? கிழடாகிக் குரைக்க முடியாமற் போன நாளிலும் வைத்திருப்போமா? இவற்றுக்கு "ஆம்" என்றால் தாராளமாக எடுங்கள், நல்ல காரியம். "இல்லை" என்றால் வருந்த வேண்டாம். ஆள் வருவதை அறிவிக்க ஊர்நாய் ஒன்று போதும். அதற்கும் வீடு வேண்டும். நாயே வைக்க முடியாதவர் காப்பகத்துக்கு ஒரு மூடை அரிசி அனுப்பலாம்.

"நாய் கவனம்" என்ற பலகையை வருகிறவர் வெளியே நின்று வாசிக்கிறார். வீட்டுக்காரர் அதை உள்ளே நின்று வாசித்துப் பார்க்கட்டும். நாயைக் கவனிக்கும் கடமை முதலில் அவருடையது.