பொய் வானமும் மெய் உஷ்ணமும்

மதுரை விமான நிலையத்தின் ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் மேற்கு முனையிலிருந்து கிழக்கு நோக்கி எழும்புகிறவன், இடமோ வலமோ திரும்பாமல் நேரே போய்க்கொண்டிருந்தால், சிவகங்கையைத் தாண்டி, ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் எங்கள் காளையார்கோவிலின் தலைக்கு மேல் வந்து சேர்வான். பூகோளம் இவ்வளவு அனுகூலமாக அமைந்திருப்பதை, இந்த ஊரிலேயே பிறந்து இந்த ஊரிலேயே நரைத்த நான், என் தங்கை மகன் காட்டிய பிறகுதான் அறிந்தேன். அவன் விமானி அல்லன். விமானத்தில் பிரயாணியாக ஏறியதும் இரண்டொரு தடவைதான். ஆயினும் மாடியறையில் ஒரு கணிப்பொறியையும், வளைந்த திரையையும், கைக்கு ஜாய்ஸ்டிக்கையும், காலுக்கு மிதிகட்டைகளையும் வைத்துக்கொண்டு, சென்ற சித்திரை வைகாசி முழுவதும் அவன் ஆகாயத்திலேயே வாசம் செய்தான்.

ஒரு நாள் மாலை என்னையும் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு மதுரையிலிருந்து கிளம்பினான். கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்திருப்போம். "மாமா, நம்ம ஊர்" என்றான். "கொஞ்சம் தாழ்த்து, கோயிலைப் பார்க்கலாம்" என்றேன். ஆயிரம் அடிக்கு இறக்கினான். ஆனைமடுத் தீர்த்தம் தெரிந்தது. தொண்டிக்குப் போகும் சாலை தெரிந்தது. ஆனால் மருது சகோதரர்கள் எழுப்பிய இராஜகோபுரத்தைக் காணோம். கோபுரம் நிற்கவேண்டிய இடத்தில் தரை துணி விரித்தாற்போல் தட்டையாக இருந்தது. அத்தட்டைத் தரையின்மேல், மேற்கு நோக்கி நீண்டு, கலசங்களின் கூர்மை உட்படக் கோபுரத்தின் நிழல் மாத்திரம் விழுந்து கிடந்தது.

எங்கோ உயரத்திலிருந்து ஒரு முற்பகலில் எடுக்கப்பட்ட புகைப்படத்தைத் தரையாக விரித்து, அதன்மேல் கட்டடங்களை யந்திரம் தானே ஊகித்து நிறுத்துகிறது என்றும், எங்கள் கோபுரத்தை ஊகிக்க அதற்குத் தெரியவில்லை என்றும், நிழல் புகைப்படத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்றும் அவன் விளக்கினான். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கக் கற்பித்த தார்க்கிகர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருந்தால் புதியதொரு திருஷ்டாந்தம் கிடைத்ததென்று மகிழ்ந்திருப்பார்கள். பொருள் இல்லை, அதன் காரியம் இருக்கிறது; காரியம் இருக்கிறது என்பதனாலேயே பொருள் எங்கோ இருந்தாக வேண்டும்.

இதைக் கேள்விப்பட்ட அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர், "எல்லாம் மாயை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நம் ஜனங்கள் இந்தச் சொல்லைக் கையாளும் முறை விசித்திரமானது. கைக்கு எட்டாததையும் மாயை என்பார்கள், கைவிட்டுப் போனதையும் மாயை என்பார்கள். வாங்கிய கடனை மாத்திரம் யாரும் மாயை என்று சொல்லக் கேட்டதில்லை. அந்த அறையில் அரை மணி உட்கார்ந்திருந்த எனக்கோ வேறொரு சந்தேகம் பிறந்தது. திரையில் இருந்த வானம் பொய், மேகம் பொய், கீழே ஓடிய சிவகங்கைச் சாலையும் பொய். ஆனால் மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து என் முழங்காலில் வந்து மோதிய அனல்காற்று பொய்யன்று. பொய்யான ஒரு வஸ்துவை உண்டாக்குவதற்கு மெய்யான உஷ்ணம் எதற்காகச் செலவாக வேண்டும்? செலவாகிறதென்றால், உண்டானதைப் பொய் என்பது எந்த அளவுக்குப் பொருந்தும்?

இந்த உஷ்ணத்தின் வரலாற்றைச் சற்று விவரித்தாக வேண்டும். கணிப்பொறியின் சில்லுக்குள் ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடிப்படைத் தாளம் விநாடிக்குப் பத்துக் கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். அதை 45 ஆல் பெருக்கினால் 4.5 கிகாஹெர்ட்ஸ். சில சில்லுகளில் இந்தப் பெருக்கெண்ணை உரியவனே மாற்றிக்கொள்ளும்படி பூட்டைத் திறந்து விற்கிறார்கள்; மாற்றி, ஆலை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் அதை ஓட்டுவதற்கே ஓவர்கிளாக் செய்வது என்று பெயர். வேறு வேலைகளைச் சில்லுக்குள் கோர் எனப்படும் பல கருக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம். விமானப் பாவனை நிரல்களிலோ காற்று, சிறகு, யந்திரம், வானிலை எல்லாவற்றின் கணக்கும் பெரும்பாலும் ஒரே கருவின் தலையில் வந்து விழுவதால், அந்த ஒன்றின் வேகமே பறப்பின் வேகமாகிவிடுகிறது. ஆகையால்தான் இந்தப் பித்து உடையவர்கள் சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டுக்கும், ஹீட் சிங்குக்கும், தெர்மல் பேஸ்ட்டுக்கும் நாள் கணக்கில் அலைகிறார்கள். மருமகனும் அலைந்தான்.

அவன் பெருக்கெண்ணை 45 இலிருந்து 49 ஆக்கினான். தாளம் கூடினால் சில்லு தடுமாறும். தடுமாறாமலிருக்க மின்னழுத்தத்தையும் 1.25 வோல்ட்டிலிருந்து 1.35 ஆக ஏற்றினான். இங்கேதான் பிரகிருதி தன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறது. செலவாகும் மின்சாரம் வேகத்தின் விகிதத்தில் மாத்திரம் ஏறுவதில்லை. அழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருக்கி ஏறுகிறது. வேகம் நூற்றுக்கு ஒன்பது பங்கு கூட, உஷ்ணமோ நூற்றுக்கு இருபத்தேழு பங்கு கூடிற்று. விநாடிக்கு 38 சித்திரங்களாக ஓடிய வானம் 41 ஆக ஓடிற்று. அந்த மூன்று சித்திரங்களுக்காக அவன் அடைந்த ஆனந்தத்தை நான் பரிகசிக்கப் போவதில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டணம் வேறு விகிதத்துக்குத் தாவிவிடும் என்பதை மாத்திரம் தங்கை பரிகசித்தாள்.

அவன் ஆராய்ந்து வைத்திருந்த எண்களிலும் ஒரு குறை இருந்தது. அவற்றைச் சோதித்தவர்கள் 20, 22 டிகிரியில் குளிர்ந்திருக்கும் அறைகளில் இருந்துகொண்டு சோதித்தவர்கள். ஹீட் சிங்க் என்பது எவ்வளவு உயர்ந்ததாயினும் அறையின் காற்றைவிடச் சில்லைக் குளிர்விக்க மாட்டாது. வைகாசி மாதத்து மாடியறையின் காற்றோ 36 டிகிரி. சில்லு 100 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே அந்நியர்களுடைய பதினான்கு டிகிரி ஆஸ்தி இங்கே பிறக்கும்போதே கழிந்துபோயிருந்தது. தேசத்தையும் காலத்தையும் பாராமல் விதியை எடுத்துக்கொள்ளலாகாது என்று தர்மசாஸ்திரிகள் சொன்னது எதற்கெல்லாம் பொருந்துகிறது!

இன்னும் ஒரு விஷயம். ஒரே ஆலையில், ஒரே வட்டத்தகட்டிலிருந்து அறுத்தெடுத்த இரண்டு சில்லுகளில் ஒன்று ஐந்து கிகாஹெர்ட்ஸையும் சிரித்துக்கொண்டே தாங்கும்; மற்றொன்று 4.8 இலேயே மயங்கி விழும். மூலப்பொருளில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வித்தியாசம். ஒருவன் கண்டுபிடித்த அளவை மற்றொருவன் தன் பொறியில் வைத்தால் அது நிற்காது. இதைக் கேட்டதும், அவரவர் வினையின் பயன் அவரவருக்கே போய்ச் சேரும்படி வரையறுத்து நிறுத்துவதே நியதி தத்துவத்தின் தொழில் என்று சித்தாந்த நூல்கள் சொல்வது நினைவுக்கு வந்தது. அருள் எல்லார்க்கும் பொதுவாயினும் அது பதிவது பக்குவத்துக்குத் தக்கபடியே என்பதற்கும் இது ஓர் உதாரணமாகலாம். ஆனால் உதாரணத்தை அளவுக்கு மீறி ஓட்டினால் அதுவும் ஓவர்கிளாக் ஆகிவிடும்.

ஏற்றிய வேகம் நிலைத்து நிற்குமா என்பதற்கும் ஒரு பரீட்சை உண்டு. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட பிரைம்95 என்னும் நிரலை ஓடவிட்டு, விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் சில்லுக்குக் கொடுத்து, ஓரிடத்திலாவது பிசகுகிறதா என்று பார்ப்பார்கள். பிசகும் சில்லுக்குத் தான் பிசகுவது தெரியாது. இரண்டும் இரண்டும் ஐந்து என்பதையும் நான்கு என்று சொல்லும் அதே நிதானத்தோடு சொல்லும். அறிவு மெய் என்பது அந்த அறிவினாலேயே விளங்கும் என்று மீமாம்சகர் சாதித்தனர். பிறிதொன்றினால் சோதித்தே அதை அறிய முடியும் என்று நையாயிகர் மறுத்தனர். கணிப்பொறியைப் பொறுத்த மட்டில் நான் நையாயிகர் பக்கம். மருமகனுடைய சில்லு ஓர் இரவு முழுவதும் எட்டு மணி நேரம் இந்தப் பரீட்சையில் தேறிற்று. மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, சிவகங்கைத் தெப்பக்குளத்துக்கு நேர்மேலே, திரை நீலமாகி எல்லாம் நின்றுவிட்டது. பரீட்சை நடந்தது இரவில். பறந்தது வைகாசி வெயிலில். சோதித்த பிரமாணத்தையும் சோதிக்க ஒரு பிரமாணம் வேண்டியிருந்தது.

அவன் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஜாய்ஸ்டிக்கின்மேல் இருந்த கை நடுங்கிற்று. யாரும் விழவில்லை, எதுவும் எரியவில்லை. ஆயினும் அந்த நடுக்கம் நடிப்பன்று.

இந்த இடத்தில் எனக்குத் திருச்சுழி நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊருக்குத் தென்மேற்கே, பாண்டி நாட்டுத் தலங்களுள் ஒன்றாகிய அவ்வூரில்தான் 1879 இல் ரமண மகரிஷி அவதரித்தார். உலகத் தோற்றத்தை விளக்குவதற்கு அவர் பன்முறை எடுத்துக்காட்டியது சினிமாத் திரை. திரையில் நெருப்புத் தோன்றுகிறது, திரை வேகுவதில்லை. வெள்ளம் தோன்றுகிறது, திரை நனைவதில்லை. தோற்றங்கள் வந்து போகின்றன, திரை இருந்தபடியே இருக்கிறது. இந்த உவமையின் அழகில் ஈடுபடாதவர் இல்லை. ஆனால் மாடியறையில் அமர்ந்து சிந்தித்தபோது, திரை வேகவில்லை என்பது உண்மையாயினும், திரைக்குப் பின்னே ஏதோ ஒன்று வெந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை முழங்கால் ஓயாமல் நினைவூட்டிற்று. அந்த உஷ்ணத்தை அறிகிற அறிவும் திரையின்மேல் ஓடும் தோற்றமே என்று வேதாந்தி விடையளிப்பார். அதற்கு மறுமொழி சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது. ஆயினும் என் மனம் சைவ சித்தாந்தத்தின் பக்கமே சாய்கிறது. அங்கே மாயை என்பது இல்பொருள் அன்று. அது உள்பொருள், உடலுக்கும் கருவிக்கும் உலகுக்கும் போகத்துக்கும் முதற்காரணமான திரவியம், மண்ணிலிருந்து குடம் வருவதுபோல மாயையிலிருந்து இவை வருகின்றன. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு, விடியும் வரையில் கையில் கொடுத்த விளக்கு அது என்பார்கள். விளக்கென்றால் எண்ணெய் செலவாகும், சுடவும் சுடும். அண்டைவீட்டுப் பெரியவர் சொன்னது சரி, எல்லாம் மாயைதான். இல்லை என்ற பொருளில் அன்று, விலை கொடுத்துச் செய்யப்பட்டது என்ற பொருளில்.

அதே திருச்சுழியில்தான், சேரமான் பெருமாளோடு தலயாத்திரை வந்த சுந்தரமூர்த்தி நாயனார் ஓர் இரவு துயின்றார் என்று சேக்கிழார் கூறுகிறார். கனவில் இறைவன் இளங்காளையின் வடிவில் தோன்றித் தான் இருப்பது கானப்பேர் என்று சொல்லி மறைந்தான். கானப்பேர் என்பது எங்கள் ஊரின் பழம்பெயர். சுந்தரர் விழித்து, கனவுதானே என்று புரண்டு படுக்கவில்லை. எழுந்து நடந்து வந்து சேர்ந்தார். காளை என்றால் மாடு என்று மாத்திரம் கொண்டு, மாடு ஒன்று வழிகாட்டியதாக ஊரில் வேறொரு கதையும் வழங்குகிறது, அது கிடக்கட்டும். கனவில் கண்ட உருவம் விழித்தபோது இல்லை. கனவு காட்டிய ஊரோ இருந்தது. தரையில் கிடந்த நிழலைப் பார்த்தபோது எனக்கு உண்டான மெய்சிலிர்ப்புக்குக் காரணம் இதுதானோ என்னவோ.

பாவனையை இகழ்கிறவர்களுக்குச் சரித்திரமும் ஒரு விடை வைத்திருக்கிறது. 1929 இல் அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவர், தம் தந்தையாரின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் கிடந்த துருத்திகளைக் கொண்டே பறப்புப் பாவனைப் பெட்டி ஒன்றைச் செய்தார். சங்கீதத்துக்குக் காற்றூதிய துருத்தி மர விமானத்தைச் சாய்த்தது, நிமிர்த்தது. உலகம் அதை முதலில் பொருட்காட்சி விளையாட்டாகவே வாங்கிற்று. 1934 இல் தபால் சுமக்கும் பணியை ஏற்ற அந்நாட்டு இராணுவ விமானிகள், மேகத்திலும் இருட்டிலும் வழி தப்பி ஒருவர்பின் ஒருவராக மாண்ட பிறகுதான் ஆறு பெட்டிகளை இராணுவம் வாங்கிற்று. அடுத்து வந்த மகாயுத்தத்தில் பல்லாயிரம் பேர் அப்பெட்டிகளில் பழகியே வானம் ஏறினார்கள். அந்த யுத்த காலத்து ஓடுதளம் ஒன்று இங்கே செட்டிநாட்டிலும் பாழாய்க் கிடக்கிறது. இன்றோ, உயர்தரப் பாவனைக் கூடத்தில் மாத்திரம் ஒரு ரக விமானத்தைப் பழகிய விமானி, அந்த ரகத்தை முதன்முதல் மெய்யாக ஓட்டும்போதே, ஆசான் பக்கத்திலிருக்க, பின்னால் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு போவதற்கும் விதி இடங்கொடுக்கிறது. அந்தப் பிரயாணிகள் அறியாமலே சித்தாந்திகள்.

மருமகன் பெருக்கெண்ணைப் பழையபடி 45 க்கே இறக்கிவிட்டான். அடுத்த சில்லு எது என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறான். 2022 இல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற சில்லைப் பற்றி அவன் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதன் பெருக்கெண்ணை ஏற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள், தாளமும் 4.5 க்கு மேற்படாது. ஆனால் சில்லின் மேல் ஓர் அடுக்காகக் கேஷ் நினைவகத்தை ஏற்றி 96 மெகாபைட் ஆக்கியிருக்கிறார்கள். அதைவிட வேகமாகத் துடிக்கும் சில்லுகள் பலவும் விமானப் பாவனையில் அதற்குப் பின்தங்கின. காரணம், சில்லு தன் காலத்தில் பெரும்பங்கை ஓடுவதில் கழிப்பதில்லை. ரேமிலிருந்து தகவல் வந்து சேரக் காத்திருப்பதில் கழிக்கிறது. "அஞ்சறைப்பெட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு சமைப்பதற்கும், ஒவ்வொரு கடுகுக்கும் காரைக்குடி சந்தைக்குப் போய்வருவதற்கும் உள்ள வித்தியாசம்தானே?" என்று கேட்டாள் தங்கை. அதற்குமேல் அவனுக்கு விளக்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

மறுநாள் மாலை இருவரும் கோயிலுக்குப் போனோம். காளீசர், சோமேசர், சுந்தரேசர் என்று மூவருக்கு மூன்று சந்நிதி. ஒருவர் தேட, ஒருவர் செலவழிக்க, ஒருவர் அனுபவிக்கிறார் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மூன்றையும் வலம் வந்து வெளியே இறங்கினோம். சூரியன் மேற்கே சாய்ந்திருந்தது. கோபுரத்தின் நிழல் கிழக்கு நோக்கி நீண்டு, நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்ட இடத்தையும் மூடியிருந்தது. மருமகன் அந்த நிழலை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு அண்ணாந்து, கலசங்களுக்கு மேலே வெறும் வானத்தைக் காட்டி, "கிழக்கேயிருந்து மதுரையில் இறங்குகிறவன், மாமா, இந்தக் கோட்டில்தான் வரவேண்டும்" என்றான்.