பழுது நீக்குவதும் பழுதை மறைப்பதும்

பழம்பொருள் ஒன்றை விலை கொடுத்து வாங்குவது எளிது. அதன்பால் நேர்மையோடு நடந்துகொள்வது அத்துணை எளிதன்று. போர்க்கால வானொலிப் பெட்டிகளைப் பேணி வருவோர் இவ்வுண்மையை நன்கறிவர்.

இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷ் விமானப்படையின் லங்காஸ்டர் முதலிய குண்டுவீச்சு விமானங்களில் ஆர்.1155 என்னும் பெட்டி பொருத்தப்பட்டிருந்தது. மார்க்கோனி நிறுவனம் வடிவமைத்த அது பத்து வால்வுகள் கொண்டது. நெட்டலை முதல் சிற்றலை வரை கேட்கவல்லது. வளைய ஏரியலைத் திருப்பி, வானொலி அலை வரும் திசையை அறியும் பகுதியும் அதனுள் உண்டு. இருளில் வழி தவறியோர்க்கு அதுவே துணை. அக்குண்டுவீச்சுப் பிரிவினருள் 55,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் வீசிய குண்டுகளால் 1943-இல் ஹாம்பர்க் நகரம் எரிந்தது. இரு சாரார் மரணத்துக்கும் அப்பெட்டி சாட்சி.

போருக்குப் பின் அவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. வாங்கியோரில் பலர் திசையறியும் பகுதியைக் கழற்றி எறிந்து, அவ்விடத்தில் வீட்டு மின்சாரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் வேண்டிய உறுப்புகளைப் பொருத்தினர். சாட்சியின் நாவில் ஒரு பாதியை அறுத்துவிட்டார்களே என்று இன்று வருந்துவோர் உண்டு. வருத்தம் நியாயமே. ஆயினும், கேட்பதற்கென்றே செய்த கருவியைக் கேட்க வைத்தவர்களைக் குற்றவாளிகள் என்று கூறலாகுமா? அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை. மூடியைத் திறந்தால் செய்த மாற்றம் தெரியும்.

இன்றைய நிலை நுட்பமானது. அக்காலத்துக் காகித மின்தேக்கிகளில் ஈரம் ஏறி மின்சாரம் கசிகிறது. அவற்றை மாற்றாவிடில் வால்வுகள் கெடும். ஆகவே சிலர் பழைய கூட்டைக் குடைந்து, புதிய மின்தேக்கியை அதனுள் வைத்து, வாயை மெழுகால் அடைக்கின்றனர். பார்வைக்குப் பழமை குன்றுவதில்லை. அதுவரை பிழையில்லை. ஆனால் விற்கும் நாளில், “உள்ளே எதுவும் மாற்றப்படவில்லை” என்று சொன்னாலோ, கேட்டும் வாய் மூடியிருந்தாலோ, பழுதுபார்த்த அதே கை வஞ்சகம் செய்ததாகிவிடும்.

மாற்றம் குற்றமன்று; மறைப்பே குற்றம். எதைக் கழற்றினோம், எதைச் சேர்த்தோம், எந்நாளில் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தால் போதும். கழற்றிய உறுப்புகளையும் ஓர் உறையிலிட்டு உடன் வைக்கலாம். பெட்டி நமக்கு முன்பும் பிறரிடம் இருந்தது. நமக்குப் பின்பும் பிறரிடம் செல்லும். இடையில் நம் கையில் இருப்பது அமானிதமேயன்றி வேறென்ன?