இன்பங்களுக்கும் ஒரு வரிசை

செங்கத்துக் குறுநில மன்னன் நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிற இன்னொரு கூத்தனுக்கும் அவன் சுற்றத்துக்கும் வழி சொல்கிறான். பெருங்கௌசிகனார் பாடிய சங்கப் பாட்டான மலைபடுகடாம் முழுவதும், 583 அடிகளும், இதுதான். களம் இன்றைய ஜவ்வாது மலையும் அதன் அடிவாரமும். நன்னனின் நவிரமலை பர்வதமலைதான் என்பார்கள். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக இறங்கும் செய்யாறு. பயணம், இசை, உணவு மூன்றையும் ஒரே பாட்டில் இவ்வளவு விரிவாகப் பேசும் பழைய நூல்கள் அரிது. தொடக்கத்திலேயே முழவு, ஆகுளி, பாண்டில், குழல், தூம்பு, எல்லரி, பதலை என்று கூத்தர் பையில் கட்டிச் சுமக்கும் கருவிகள் வருகின்றன. வழியில் குறவர்கள் தரும் தினைச்சோறும், நெய்யில் வெந்த இறைச்சியும், மூங்கில் குழாயில் முற்றிய தேன்கள்ளும் வருகின்றன. மலையில் கேட்கும் ஓசைகளை மட்டுமே ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட பகுதி ஒன்றும் உண்டு. இவ்வளவு இன்பங்களையும் காட்டிய அந்தக் கூத்தன், நடுவே இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்கிறான். தெய்வம் உறையும் இடம் வந்தால் தொழுங்கள், வீணாக வாத்தியத்தைத் தொடாதீர்கள் என்பது ஒன்று. குரங்கு மூங்கிலில் தாவினாலும், உயர்ந்த பாறையில் தேனடைகள் தொங்கினாலும், நடக்கும்போது சட்டென்று திரும்பிப் பார்க்காதீர்கள், அடி வழி தவறிவிடும் என்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது எச்சரிக்கையை மலையேறுகிறவனின் காலுக்குச் சொன்ன பாதுகாப்பு விதி என்று மட்டும் படித்துவிட்டுப் போகலாம். எனக்கு அதில் வாழ்க்கைக்கான ஒரு முறை தெரிகிறது. தேனடை அழகானது, நடையும் அவசியமானது. இரண்டையும் ஒரே நொடியில் செய்ய முயன்றால் இரண்டும் கெடும். நல்ல சாக்லேட், கர்நாடக இசை, இனிப்பு கிளறுவது, ஊர் சுற்றுவது என்று பல ருசிகளை ஒரு வாழ்க்கைக்குள் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். விரும்புவது நல்லது. அவற்றை எப்படி அடுக்கிவைப்பது என்பதுதான் கேள்வி. ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிக்காமல், ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால்தான் அவை ஒன்றுக்கொன்று துணையாகும் என்பது என் கட்சி.

சாக்லேட்டையே எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பின் நிழலில் ஊடுபயிராகக் கொக்கோ வளர்கிறது. காயை உடைத்து எடுத்த வெள்ளைச் சதையோடு கூடிய விதைகளைப் பெட்டியில் மூடி ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள். பிறகு வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோல் நீக்கி அரைக்கிறார்கள். புளிப்பு சரியாக ஏறாத விதையில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் சாக்லேட்டின் மணம் வராது. அரைப்பது ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை நிற்காமல் நடக்கும். உலகம் முழுக்கச் சிறு அளவில் சாக்லேட் செய்கிறவர்கள் இதற்குப் பயன்படுத்தும் கல் எந்திரம், இட்லி மாவு அரைக்கும் நம் கோயம்புத்தூர் கிரைண்டரிலிருந்து உருவானது. தமிழர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ, பொள்ளாச்சிப் பக்கத்தில் சோக்லெட் போன்றவர்கள் இந்த மண்ணில் விளைந்த கொக்கோவிலேயே தரமான சாக்லேட் செய்கிறார்கள். கொக்கோ வெண்ணெய் 34 டிகிரிக்கு அருகில் உருகுகிறது. நம் உடல் சூடு அதைவிடச் சற்றே அதிகம் என்பதால், நாக்கில் வைத்துவிட்டுக் காத்திருந்தாலே போதும், அது தானாக இளகும். முதலில் கசப்பு, பிறகு ஒரு பழத்தின் புளிப்பு, கடைசியில் நெடுநேரம் தங்கும் மணம் என்று ஒவ்வொன்றாக வரும். கடித்து விழுங்குகிறவருக்கு இனிப்பும் கசப்பும் மட்டுமே கிடைக்கும்.

ராக ஆலாபனையும் இப்படித்தான் காலத்தில் விரிகிறது. தோடி பாடுகிறவர் காந்தாரத்தைத் தொட்டும் விலகியும் நிற்கிற நேரத்தில் கேட்கிறவரின் கவனம் வேறெங்காவது இருந்தால், அந்த இடம் திரும்பி வராது. இனிப்பு கிளறுவது இன்னும் கண்டிப்பானது. கம்பிப் பதத்தில் இறக்க வேண்டிய பாகை அரை நிமிடம் மறந்தால் அது அடுத்த பதத்துக்குப் போய்விடும். பயணத்துக்கும் இதே நியாயம்தான் என்று மலைபடுகடாத்தின் கூத்தன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். இந்த நான்கும் கேட்கிற விலை ஒன்றே: நம்முடைய பிரிக்கப்படாத கொஞ்ச நேரம். ஒரே நேரத்தில் அதை நான்குக்கும் கொடுக்க முடியாது.

அறிவியல் இதற்கு எதிராகப் பேசுகிறதே என்று ஒருவர் கேட்கலாம். ஆக்ஸ்போர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் என்ற உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே மிட்டாயைத் தின்றவர்கள் கீழ்ஸ்தாயி ஒலியைக் கேட்டபோது அதைக் கசப்பு கூடியதாகவும், மேல்ஸ்தாயி ஒலியைக் கேட்டபோது இனிப்பு கூடியதாகவும் மதிப்பிட்டார்கள். இசை ருசியை மாற்றுகிறது என்பது உண்மை. அப்படியானால் சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டே கச்சேரி கேட்பதுதானே சிறந்தது? நான் அந்த ஆய்வை மறுக்கவில்லை. அதிலிருந்து வேறு முடிவுக்கு வருகிறேன். அங்கே ஒலி வேலை செய்தது ருசிக்காக. அதற்கென்றே அமைத்த ஒலித்துண்டு அது. அதில் முன்னால் என்ன வந்தது, அடுத்து என்ன வரும் என்று யாரும் பின்தொடரவில்லை. செம்மங்குடி, எம்.டி.ராமநாதன் போன்ற பாடகர்களை அந்த வேலைக்கு வைத்தால் நாம் அவர்களை உப்பும் மிளகுமாக ஆக்கியிருக்கிறோம் என்று பொருள். ஒன்று இன்னொன்றுக்கு ஊழியம் செய்யும்போது ஊழியம் செய்வது சிறுத்துப்போகிறது.

இதைவிட வலுவான மறுப்பு நம் கோயில்களிலிருந்தே வரும். நாகஸ்வரம், பூவின் மணம், தீபம், பிரசாதம் எல்லாம் கூடித்தானே வழிபாடு? கூடித்தான். ஆனால் எந்தக் கட்டத்தில் எது என்பதைக் கோயில் எவ்வளவு கறாராகப் பிரித்துவைத்திருக்கிறது என்று பாருங்கள். நைவேத்தியத்தின்போது திரை போடுகிறார்கள். சுவாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி. பிரசாதம், எல்லாம் முடிந்த பின். மார்கழியில் சென்னைக்கு வருகிற ரசிகர்களும் இந்த ஒழுங்கை அறிந்தவர்களே. 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமி முதல் இன்றைய சிறு சபாக்கள் வரை, கச்சேரிக்கு அரங்கம், டிபனுக்கு கேன்டீன் என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. பல்லவி முடிந்து வெளியே வந்து, பாடகர் எடுத்த ராகத்தைப் பற்றி வாதாடிக்கொண்டே அக்காரவடிசலும் காபியும் சாப்பிடுகிறபோது, காதில் மிச்சமிருக்கும் சங்கதி இன்னும் கொஞ்ச நேரம் வாழ்கிறது. தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு போய், பஞ்சரத்தினம் கேட்டுவிட்டு அசோகா அல்வா வாங்குகிறவருக்கும் இதே பலன். முதல் இன்பம் முடிந்த பிறகு அதன் நினைவு இரண்டாவதைத் தொடுகிறது. கலப்பதைவிட இந்தத் தொடுகைதான் ஆழமானது என்று நம்புகிறேன். தனித்தனி டிசம்பர் கச்சேரிகள் பல மறந்துபோனவர்களுக்கும் அந்தந்த ஆண்டுகளின் கேன்டீன் வாதங்கள் நினைவிருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்று என்பதற்கு ஜவ்வாது மலையிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் வழியில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயம் இங்கிருந்த தொலைநோக்கியிலும் பதிவானது. விண்மீனின் ஒளி நொடிக்கணக்கில் மங்கி மீண்டதுதான் அந்தத் தடயம். அதைப் பிடிப்பதற்கு ஊர் வெளிச்சம் எட்டாத மலை வேண்டியிருந்தது. நுட்பமான ருசிக்கும் இப்படி ஓர் இருட்டு தேவை. அதாவது மற்ற ஈர்ப்புகளைச் சற்று அணைத்துவைக்க வேண்டும்.

சமைத்துக்கொண்டே வானொலி கேட்கும் பெண்ணை, நாற்று நடும்போது பாடுகிறவர்களை நான் குறை சொல்கிறேனா என்றால், இல்லவே இல்லை. உழைப்புக்குப் பாட்டு துணை வருவது மனித இனத்தின் பழைய ஏற்பாடு. அங்கே கை தன் வேலையை அறியும், பாட்டு சுமையைக் குறைக்கும். நான் பேசுவது ஓய்வு நேரத்தைப் பற்றி. ஓய்விலும் பரபரப்பைக் கொண்டுவந்து, இன்பத்தையே இன்னொரு வேலைப்பட்டியலாக மாற்றிக்கொள்வது வீண்.

கடைசி மறுப்பு, இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பேச்சு என்பது. ஒரு பகுதி உண்மை. நல்ல சாக்லேட் விலை அதிகம். எல்லோராலும் வாங்க முடியாது. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் தரும் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில் அதை விளைவிக்கிற பலர் வறுமையில் இருக்கிறார்கள், குழந்தைகளும் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு நாக்கில் இனிப்பை மட்டும் தேடுவது சரியாகாது. ஆனால் அவசரமாகத் தின்பவருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. ஒரு துண்டை மெல்ல உருகவிட்டு, இந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்தான், இதை யார் புளிக்க வைத்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கும் போய்ச் சேருவார். அந்தக் கவனத்துக்குச் சாக்லேட்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் எடுக்கும் தேனும் சாமையும் அதே கவனத்துக்குத் தகுதியானவை. தேனின் சுவை அந்தப் பருவத்தில் பூத்த பூவைப் பொறுத்தது. கவனித்தவருக்கு ஒரு புட்டிக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரியும். சாமையின் உமியை நீக்குவது எவ்வளவு கடினம் என்று அறிந்து உண்கிறவர், அதன் பாயசத்தை வேறு விதமாகத்தான் உண்பார். இதற்குப் பெரிய செலவில்லை.

எனவே ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பீமன் அருவிக்கு ஒலிபெருக்கியை எடுத்துச் செல்லாதீர்கள். அருவியின் ஓசையை அதுவாகவே கேளுங்கள். சாக்லேட்டோ தின்பண்டமோ கையில் இருந்தால் மேலே ஏறி வந்து உட்கார்ந்த பிறகு பிரியுங்கள், உறையைத் திரும்ப எடுத்து வாருங்கள். ஜமுனாமரத்தூரில் தேனும் சாமையும் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். பாட்டை வீடு திரும்பிய பின், வேறு எதுவும் செய்யாமல், அரை மணி நேரம் கேளுங்கள்.